மறைந்த வடிவமும் தைக்கும் கையும்

தான் செய்யும் தொழிலின் முடிவை அறிந்தே மனிதன் அதனைச் செய்தல் வேண்டுமா? முடிவை அறியாது, பிறர் வகுத்த வழியிலே படிப்படியாகச் சென்று ஒரு செயலை நிறைவேற்றுபவனை அச்செயலின் கர்த்தா எனக் கொள்ளலாமா? அறவியலாளரின் சிந்தனையை நெடுங்காலமாக ஈர்த்துவந்த இவ்வினாக்கள் பெரும்பாலும் போர்க்களத்தையும் அரசவையையும் நீதிமன்றத்தையும் முன்னிறுத்தியே ஆராயப்பட்டு வந்துள்ளன. மிக எளிய கைத்தொழில் ஒன்றினூடாகவும் இவற்றை அணுகலாம். அவ்வாறு அணுகுமிடத்து, பெரிய உதாரணங்களிலே கண்ணுக்குத் தப்பிவிடும் சில வேறுபாடுகள் தெளிவு பெறுகின்றன என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஈண்டு எடுத்துக்கொள்ளப்படும் கைத்தொழில் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைத்தலாகும்.

எஞ்சிய துணியையும் கிழிந்த துணியையும் இணைத்துப் பயன்கொள்ளும் வழக்கம் உலகின் பல பாகங்களிலும் உண்டு. வங்காளத்துக் 'காந்தா' பழைய சேலைகளை அடுக்கித் தைக்கப்படுவது. பௌத்த துறவியரின் சீவரமும் துண்டுகளை இணைத்தே தைக்கப்படுகிறது. வரம்புகளாற் பிரிக்கப்பட்ட மகத நாட்டு வயல்களைக் காட்டி, அவ்வமைப்பிலே துறவியர்க்கு ஆடை வகுக்க இயலுமா எனப் புத்தர் ஆனந்தரை வினவியதாக விநயபிடகத்தின் மகாவக்கம் கூறும். இந்நாட்டிலே நாம் அன்றாடம் காணும் காவியாடையின் தையல்களில் அவ்வயல் வரம்புகள் இன்றும் உள்ளன. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே இத்தகைய தையல் 'குவில்ற்' எனப்படும் போர்வையாக வளர்ந்தது. துண்டுகளை இணைத்து அமைத்த மேற்றுணி, நடுவே பஞ்சுப் படலம், கீழே அடித்துணி என்னும் மூன்றையும் ஊடுருவித் தைத்து ஒன்றாக்குவதே குவில்ற் ஆகும்.

இக்கலையிலே அண்மைக் காலத்தில் 'மர்மப் போர்வை' எனும் ஒரு முறை பெரிதும் பரவியுள்ளது. வழக்கமான முறையில், தைக்கத் தொடங்குபவர் முடிந்த போர்வையின் படத்தை முதலிலே காண்கிறார். அதன்பின்னரே துணியை வெட்டுகிறார். மர்மப் போர்வையில் இவ்வொழுங்கு தலைகீழாகின்றது. வடிவமைப்பாளர் முதலில் எந்தெந்த நிறத் துணிகள் எவ்வளவு தேவை என்பதை மாத்திரம் அறிவிப்பார். பின்னர் கிழமைக்கொரு குறிப்பாகப் படிகள் வெளிவரும். ஒரு கிழமை, அடர்நிறச் சதுரமொன்றையும் வெளிர்நிறச் சதுரமொன்றையும் முகத்தோடு முகம் வைத்து, மூலைவிட்டத்தின் இருபுறமும் தைத்து, நடுவே வெட்டி, இரு நிறமும் பாதி பாதியாய் அமைந்த சதுரங்கள் பல செய்யுமாறு பணிக்கப்படும். அடுத்த கிழமை நீண்ட பட்டைகளை இணைத்துக் குறுக்கே வெட்டுமாறு கூறப்படும். இவ்வுறுப்புகள் எங்கு சென்று பொருந்தும், முடிவில் தோன்றப்போவது நட்சத்திரமா, சங்கிலியா, வளையமா என்பது தைப்பவர்க்குத் தெரியாது. இறுதிக் குறிப்பிலேதான் முழு வடிவமும் வெளிப்படும். அமெரிக்க வடிவமைப்பாளரான பொனி ஹன்டர் நவம்பர் மாத இறுதியிலே தொடங்கிப் பல ஆண்டுகளாக நடத்திவந்த மர்மப் போர்வைகள் இவற்றுட் பெயர்பெற்றவை. 2011இல் அவர் வகுத்த 'ஓர்கா பே', 2016இல் வகுத்த 'ஆன் புரொவான்ஸ்' ஆகியவற்றைப் பல்வேறு நாடுகளிலும் உள்ளோர் தத்தம் வீடுகளிலிருந்து ஒரே காலத்திற் படிப்படியாகத் தைத்தனர்.

இதனை ஒரு பொழுதுபோக்கு எனக் கூறி அப்பாற் செல்லலாம். ஆனால் மெய்யியல் மாணவனுக்கு இது எளிதில் விடுபடாத ஒரு சிக்கலைத் தருகின்றது. கார்ல் மார்க்ஸ், 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் பாகத்திலே, தேனீயையும் கட்டடக் கலைஞனையும் ஒப்பிடுகின்றார். தேனடையின் நேர்த்தி பல கட்டடக் கலைஞர்களை நாணச் செய்யக்கூடியது. எனினும் மிகத் தாழ்ந்த கட்டடக் கலைஞனுங்கூட ஒருவகையில் மிகச் சிறந்த தேனீயினும் மேம்பட்டவன். தான் எழுப்பப்போகும் கட்டடத்தை அவன் முதலில் தன் மனத்திலே எழுப்பிக்கொள்கிறான் என்பது மார்க்ஸின் கருத்து. முன்கூட்டியே மனத்திற் கண்ட முடிவுதான் மனித உழைப்பை மனித உழைப்பாக்குகிறது. மகாவக்கத்து ஆனந்தர் இவ்வகையிலே ஒரு கட்டடக் கலைஞரே. அவர் துணியை வெட்டுமுன் வயலைக் கண்டவர்.

மர்மப் போர்வை தைப்பவரை இவ்விரண்டில் எவ்வினத்திற் சேர்ப்பது? அவர் தேனீ அல்லர். தாம் ஒரு போர்வை தைக்கிறோம் என்பதும், தமக்கு ஒன்று மறைக்கப்பட்டிருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். அவர் கட்டடக் கலைஞருமல்லர். கட்டடம் பிறிதொருவர் மனத்திலே இருக்கின்றது. இவர் கையிலே செங்கல் மாத்திரம் உள்ளது. மார்க்ஸின் அளவுகோலைக் கொண்டு நோக்கின் இவரது உழைப்பு அந்நியப்பட்ட உழைப்பின் சாயலைப் பெறுகின்றது. ஆயினும் இவரை யாரும் வற்புறுத்தவில்லை. தம் பணத்தையும் ஓய்வுநேரத்தையும் செலவிட்டு, விரும்பியே இந்த அறியாமையை ஏற்கிறார். விரும்பி ஏற்கப்பட்ட அறியாமை இழுக்கன்று எனக் கூறிவிடலாமா?

அவசரப்பட்டு விடை கூறுமுன், இவ்வறியாமை தைப்பவர்க்கு அளிக்கும் நன்மை யாது என்பதை நோக்குதல் வேண்டும். துண்டுத் தையலிலே தையல் விளிம்பு பொதுவாகக் கால் அங்குலம். அதில் ஒரு வீசம், அதாவது அங்குலத்தின் பதினாறிலொரு பங்கு, கூடிவிட்டதெனக் கொள்வோம். இணைக்கப்படும் இரு துண்டுகளும் அவ்வளவு குறைவதால் ஒரு தையலிலே அரைக்கால் அங்குலம் இழக்கப்படும். எட்டுத் தையல்களில் அது முழு அங்குலமாகிவிடும். எனவே ஒவ்வோர் உறுப்பும் அளவாக அமைதல் இன்றியமையாதது. முழுப் படத்தையும் அறிந்தவர் நடுவில் அமையும் நட்சத்திரத்தைக் கவனமாகத் தைத்துவிட்டு, ஓரத்தில் மறையும் துண்டுகளை அசட்டையாகத் தைக்கக்கூடும். படத்தை அறியாதவர்க்கு அவ்வாறு பாகுபாடு செய்ய இயலாது. எது நடுவில் விளங்கும், எது மூலையிலே ஒடுங்கும் என்பது தெரியாதவிடத்து எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு தைத்தல் வேண்டும்.

ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட 'நீதி பற்றிய ஒரு கோட்பாடு' என்னும் நூலில் கூறும் அறியாமைத் திரை இங்கு நினைவுக்கு வருகின்றது. சமுதாயத்திலே தமக்குக் கிடைக்கப்போகும் இடம் யாதென அறியாதோர் கூடி விதிகளை வகுப்பின், எவ்விடத்தையும் புறக்கணியாத விதிகளையே வகுப்பர் என்பது அவரது வாதம். தம் இடத்தைப் பற்றிய அறியாமை அங்கே நடுநிலைமையைத் தோற்றுவிக்கின்றது. துண்டுகளின் இடத்தைப் பற்றிய அறியாமையும் தைப்பவரிடத்து அதனையொத்த நடுநிலைமையைத் தோற்றுவிக்கின்றது. ஆகவே முடிவை அறியாமை எல்லாவிடத்தும் மனிதனைத் தாழ்த்தும் எனக் கூறுதல் பொருந்தாது. சில அறியாமைகள் கையைச் செப்பமாக்குகின்றன.

இவ்விடத்திலே கீதையின் பற்றற்ற கருமத்தையும் துணைக்கு அழைக்கச் சிலர் விரும்பலாம். பயனை நோக்காது கடமையைச் செய்தலன்றோ மர்மப் போர்வையின் தத்துவம் என அவர் கூறுவர். இவ்வொப்புமை மேலோட்டமானது. கீதையிலே அருச்சுனனுக்கு எதுவும் மறைக்கப்படவில்லை. எதிரே நிற்போர் யாவர், அம்பு எவர் மார்பிற் பாயும் என்பதை அவன் நன்கு அறிவான்; அறிந்தமையாலேயே அவன் வில் நழுவியது. கண்ணன் அவன் கண்ணை மூடவில்லை, விசுவரூபத்தையே காட்டினான். உபதேசத்தின் இறுதியிலும், கூறியவற்றை முழுமையாக ஆராய்ந்து விரும்பியவாறு செய்யெனத் தீர்ப்பை அவனிடமே விட்டான். பயனிற் பற்றுக்கொள்ளாமை என்பது பயனை நன்கறிந்தவனுக்கே கைகூடும் துறவு. வள்ளுவர் பொருட்பாலிலே 'தெரிந்துசெயல்வகை' என ஓர் அதிகாரமே வகுத்து, அழிவதையும் ஆவதையும் முன்னரே எண்ணிப் பார்க்கச் சொல்வதும் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. எனவே அறியாது செய்தலுக்குக் கீதை அரணாகாது.

இனி, படிப்படியாகச் செய்யப்பட்ட பிறிதொரு மறைபணியை நோக்குவோம். இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்காவின் ரெனசி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியிலே 1942இல் நிலம் கையகப்படுத்தப்பட்டு ஓக் றிட்ஜ் என்னும் நகரம் எழுப்பப்பட்டது. வேலி சூழ்ந்த, தேசப்படங்களிற் காட்டப்படாத அந்நகரிலே 1945 அளவில் ஏறத்தாழ 75,000 பேர் வாழ்ந்தனர். அங்கிருந்த வை-12 என்னும் ஆலையில் பாடசாலைக் கல்வியை முடித்த இளம் பெண்கள் பெருந்தொகையாகப் பணிபுரிந்தனர். நீண்ட வரிசையாக நின்ற கட்டுப்பாட்டுப் பலகைகளின் முன் உயரமான ஆசனங்களில் அமர்ந்து, அளவுமானியின் முள் குறித்த எல்லையைத் தாண்டாதவாறு குமிழ்களைத் திருப்புவதே அவர்களுக்கிடப்பட்ட பணி. முள் எதனை அளக்கின்றது, இயந்திரம் எதனைப் பிரிக்கின்றது என்பன கூறப்படவில்லை. வினவுதல் தடைசெய்யப்பட்டிருந்தது, வினவியோர் பணியிழக்க நேரிட்டது.

அத்திட்டத்தின் அதிகாரிகளுள் ஒருவரான கெனத் நிக்கல்ஸ் தம் நினைவுக்குறிப்பில் ஒரு செய்தியைத் தருகின்றார். அவ்வியந்திரங்களை ஆக்கிய பௌதிகவியலாளர் ஏர்னஸ்ற் லோறன்ஸின் விஞ்ஞானிகளும் அவ்விளம் பெண்களும் தனித்தனியே இயந்திரங்களை இயக்கியபோது, பெண்களே கூடுதலாக உற்பத்தி செய்தனராம். முள் அசையும்போதெல்லாம் அதன் காரணத்தை ஆராய விஞ்ஞானிகள் நேரத்தைச் செலவிட்டனர். பெண்களோ ஏனென்று கேளாதிருக்கப் பயிற்றப்பட்டவர்கள். முள்ளை எல்லைக்குள் நிறுத்துவதோடு அமைந்தனர். கேள்வியின்மையே திறமையாக அமைந்ததை இதனினும் தெளிவாகக் காட்டும் வேறொரு நிகழ்ச்சியைக் காண்டல் அரிது.

1945 ஆகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோஷிமா நகர்மீது அணுகுண்டு வீசப்பட்டது. அதன் யுரேனியம் ஓக் றிட்ஜில் செறிவாக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதிக்குள் அந்நகரில் இறந்தோர் தொகை ஏறத்தாழ 140,000 என மதிப்பிடப்படுகிறது. தாம் குமிழ் திருப்பியது எதற்காக என்பதை அவ்வாலையிற் பணிபுரிந்தோருட் பெரும்பாலோர் குண்டு வீசப்பட்ட செய்தி வெளியானபோதே அறிந்தனர். அவர்களின் மர்ம வடிவம் அன்றைக்கு வெளிப்பட்டது. போர் முடிந்ததென மகிழ்ந்தோரும் உளர். பின்னர் வாழ்நாள் முழுவதும் அதனை எண்ணி வருந்தியோரும் உளர்.

அப்பெண்களைக் குற்றக்கூண்டில் நிறுத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. சகோதரரும் காதலரும் போர்முனையில் நின்ற காலத்திலே, போரை விரைவில் முடிக்கும் பணி எனக் கூறப்பட்டதை நம்பி உழைத்தோர் அவர்கள். வேறொன்றே ஈண்டு வினவத்தக்கது. கையின் அசைவளவிலே நோக்கின், குமிழ் திருப்பிய பெண்ணுக்கும் மர்மப் போர்வை தைக்கும் பெண்ணுக்கும் இடையே வேறுபாடு மிகச் சிறிது. இருவரும் படிப்படியான குறிப்பைப் பின்பற்றினர். இருவர்க்கும் முழுமை மறைக்கப்பட்டது. மறைக்கப்பட்டிருப்பதை இருவரும் அறிந்திருந்தனர். அறிந்தே அதற்கு உடன்பட்டனர். அவ்வாறாயின் முன்னர் எழுப்பிய வினாவுக்கு ஒரு பகுதி விடை கிடைத்துவிடுகின்றது. விரும்பி ஏற்றமை மாத்திரம் ஓர் அறியாமையைக் குற்றமற்றதாக்கிவிடாது. வேறுபாட்டைப் பிறிதோரிடத்திலே தேடல் வேண்டும்.

அரிஸ்ரோட்டில் 'நிக்கோமாக்கிய அறவியல்' என்னும் நூலின் மூன்றாம் புத்தகத்திலே இதற்கு வழிகாட்டுகின்றார். அறியாமையினால் விளையும் செயலை ஆராயும்போது, எதனைப் பற்றிய அறியாமை என்பதையே அவர் முதலிற் கேட்கிறார். செய்பவர் யார், செய்யப்படுவது யாது, அது எதன்மீது அல்லது எவர்மீது செல்கின்றது, எக்கருவி கொண்டு, எம்முடிவை நாடி, எவ்வாறு செய்யப்படுகின்றது எனச் செயலின் கூறுகளைப் பிரிக்கின்றார். இவற்றுள் எதனை ஒருவன் அறியாதிருந்தான் என்பதைப் பொறுத்தே அவன் செயலின் தன்மை அமையும். அறியாது செய்தபின் உண்மை தெரிந்து வருந்துபவனையும் வருந்தாதவனையும் அவர் ஒரே வகையிற் சேர்ப்பதில்லை என்பதும் கருதத்தக்கது.

இப்பாகுபாட்டைக் கொண்டு நோக்குமிடத்து இரு பெண்களும் தெளிவாக வேறுபடுகின்றனர். போர்வை தைப்பவர் அறியாதது வடிவம். தாம் செய்வது போர்வை என்பதும், அது ஒருவரைக் குளிரினின்று காக்கும் என்பதும், மிகப் பிழைத்துப்போனாலும் அழகற்ற ஒரு போர்வையே எஞ்சும் என்பதும் அவர் அறிந்தவை. குமிழ் திருப்பியவர் அறியாதது, செயல் எவர்மீது சென்று முடியும் என்பது. 'போர் முடியும்' என்னும் பெரும் பயன் அவருக்குக் கூறப்பட்டது உண்மையே. ஆனால் அப்பயன் மிக உயரத்திலே நின்று கூறப்பட்டமையால், கீழே நகரமொன்று இருப்பது தெரியவில்லை. பயனை அறிவித்துக்கொண்டே பயன்படுபவரையும் பாழ்படுபவரையும் மறைத்துவிடலாம் என்பதை ஓக் றிட்ஜ் நமக்குக் காட்டுகின்றது. நாட்டின் முன்னேற்றம், மக்களின் பாதுகாப்பு, சமூகத்தின் விடுதலை என்றவாறு எவ்வளவு உயர்ந்த சொற்களால் பயன் கூறப்படுகின்றதோ அவ்வளவுக்கு இவ்வினாவை அழுத்தமாகக் கேட்கவேண்டியுள்ளது.

இரண்டாவது வேறுபாடு பின்வாங்கும் உரிமை பற்றியது. துண்டுத் தையலில் தையலைப் பிரிக்கும் கருவி ஊசிக்கு அடுத்த முக்கியத்துவம் உடையது. எந்தப் படியிலும் தைத்ததைப் பிரிக்கலாம், நிறுத்தலாம். குறிப்புகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இறுதி வடிவம் வெளிவந்த பின்னரே துணியை வெட்டத் தொடங்குவோரும் உளர். அவர்களை எவரும் துரோகியெனக் கூறுவதில்லை. வடிவத்தைக் கண்டபின் அது பிடிக்காதோர், தைத்த உறுப்புகளையே தாம் விரும்பிய வேறோர் ஒழுங்கில் இணைத்துக்கொள்வதும் உண்டு. பிரிக்க முடியாத தையலிலே கை வைக்குமுன் வடிவத்தைக் காட்டுமாறு கேட்பது கோழைத்தனமன்று.

மூன்றாவது வேறுபாடு துணி யாருடையது என்பதாகும். மர்மப் போர்வைகளுட் பல, ஒரே துணிச் சுருளை வாங்கித் தைப்பதற்கன்றி, வீட்டிலே சேர்ந்துள்ள வெட்டுத்துணிகளைக் கொண்டு தைப்பதற்கு வகுக்கப்பட்டவை. வடிவமைப்பாளர் 'அடர்நீலம்', 'வெளிர்நிறம்' எனக் கூறுவாரேயன்றி எந்த நீலம் எனக் கூறுவதில்லை. அந்நீலம் ஒருவர் வீட்டில் பிள்ளையின் பழைய சட்டையாக இருக்கலாம். இன்னொருவர் வீட்டில் திரைச்சீலையின் மிச்சமாக இருக்கலாம். ஒவ்வொரு துண்டும் தனக்கென ஒரு பழமையைக் கொண்டு வருகின்றது. அப்பழமையை வடிவமைப்பாளர் அறியார். எனவே வடிவம் தைப்பவர்க்கு மறைந்திருப்பதுபோலவே, துணி வடிவமைப்பாளர்க்கு மறைந்திருக்கின்றது. ஆயிரம் பேர் ஒரே குறிப்பைப் பின்பற்றியும் ஒத்த இரு போர்வைகள் தோன்றாமைக்குக் காரணம் இதுவே. கட்டளையிடுபவருக்கும் ஏற்பவருக்குமிடையே அறியாமை இவ்வாறு இருபுறமும் பகிரப்படும்போது அவ்வுறவு அடிமைத்தனமாக மாறுவதில்லை.

அலபாமா மாநிலத்து ஜீஸ் பென்ட் என்னும் ஊரின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்று. ஆற்று வளைவொன்றிலே ஒதுங்கிக் கிடந்த அவ்வூரில், அடிமைகளாய் இருந்தோரின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் தேய்ந்துபோன வேலையாடைகளைக் கிழித்துப் போர்வை தைத்தனர். 1966இல் அப்பகுதிப் பெண்கள் 'சுதந்திரத் தையற் கூட்டுறவு' ஒன்றை அமைத்தனர். 1972இல் சியேர்ஸ் நிறுவனத்துக்குக் கோடுறோய்த் துணியில் தலையணை உறைகள் தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. அவ்வுறைகள் யாவும் ஒரே அளவாய், ஒரே மாதிரியாய் அமைதல் வேண்டும். அங்கே தைப்பவரின் விருப்புக்கு இடமில்லை. ஆனால் வெட்டி எஞ்சிய கோடுறோய்த் துண்டுகளை அப்பெண்கள் தம் வீடுகளுக்குக் கொண்டுசென்று, எவர் குறிப்புமின்றித் தாமே வகுத்த கோலங்களிற் போர்வைகள் தைத்தனர். 2002இல் ஹூஸ்ரன் நுண்கலை அரும்பொருளகத்திலும் பின்னர் நியூயோர்க்கின் விற்னி அரும்பொருளகத்திலும் ஜீஸ் பென்ட் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது உலகம் வியந்தது. பகலிலே பிறர் வடிவத்துக்குப் பணிந்த கைகள், மிச்சத்தைத் தம்முடையதாக்கிக்கொண்டமையாற் பணிவுக்குள் ஒடுங்கவில்லை. பிறர் குறிப்பைப் பின்பற்றுதல் தன்னளவில் மனிதனைச் சிறுமைப்படுத்துவதில்லை. தனக்கென ஒரு துண்டுகூட எஞ்சாதவாறு பின்பற்றுதலே சிறுமைப்படுத்துகின்றது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். எவ்வளவுதான் ஆராய்ந்து செய்யினும் மனிதன் தன் செயலின் முழு விளைவையும் அறிவதில்லை. வாழ்வை முன்னோக்கி வாழ்கிறோம், பின்னோக்கியே விளங்கிக்கொள்கிறோம் என்னும் கருத்தை டென்மார்க்கு மெய்யியலாளர் கீர்க்ககாட் 1843இல் தம் நாட்குறிப்பிலே எழுதினார். அவ்வாறாயின் வாழ்வே ஒரு மர்மப் போர்வையன்றோ? நாளைய படி இன்றைக்குத் தெரியாதபோது, வடிவத்தை அறிந்தே தைப்பேன் எனக் கூறுபவன் ஒருநாளும் ஊசியை எடுக்கமாட்டான் அன்றோ?

இவ்வுவமை இனியது, ஆனால் வழுக்கக்கூடியது. மர்மப் போர்வையின் முடிவு ஒருவர்க்குத் தெரியும். அவர் அதனை ஏற்கெனவே தைத்துப் பார்த்து, அளவுகள் பொருந்துவதை உறுதிசெய்த பின்னரே குறிப்புகளை வெளியிடுகிறார். எதிர்காலமோ மனிதர் எவர்க்கும் தெரியாதது. எவர்க்கும் தெரியாததை அறியாதிருத்தல் மனித நிலைமை. அதற்கு எவரும் நாணவேண்டியதில்லை. ஒருவர்க்குத் தெரிந்ததை இன்னொருவர் அறியாதிருக்குமாறு செய்தல் மனிதரின் ஏற்பாடு. அதற்கு எவரேனும் பொறுப்புக் கூறியாக வேண்டும். இரண்டாவதை முதலாவதன் பெயரால் நியாயப்படுத்துவதே அதிகாரத்தின் பழைய தந்திரம். மேலோர்க்குத் தெரியும், காலம் வரும்போது யாவும் விளங்கும் எனக் கூறப்படும்போது, மறைப்பவரை விதியின் ஆசனத்திலே அமர்த்திவிடுகின்றோம். இறைவனிடம் வைக்கும் நம்பிக்கையை வடிவமைப்பாளரிடம் வைப்பது பக்தியுமாகாது, அறிவுமாகாது.

ஆகவே மறைப்பு ஒவ்வொன்றையும் நோக்கி, இது யார் பொருட்டு மறைக்கப்படுகின்றது எனக் கேட்டல் வேண்டும். மர்மப் போர்வையின் வடிவம் தைப்பவரின் மகிழ்ச்சியின் பொருட்டு மறைக்கப்படுகின்றது. அது தவணை குறிக்கப்பட்ட மறைப்பு. இறுதிக் குறிப்பு வந்தவுடன் நீங்கிவிடும். நீங்கியபோது முடிந்த பொருள் தைப்பவர் மடியிலேயே கிடக்கின்றது. அதனை விரித்துப் பார்த்து, நன்று என்றோ தீது என்றோ கூறும் உரிமையும் அவருக்குண்டு. ஓக் றிட்ஜின் மறைப்பு மறைத்தவரின் பொருட்டு அமைந்தது. அது நீங்கியபோது முடிந்த பொருள் பணிபுரிந்தோர் கையில் இல்லை. ஓர் அயல் நகரத்தின்மீது அது விழுந்து முடிந்திருந்தது.

பல்கலைக்கழக மாணவராகிய நமக்கு இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டுச் சுவையாக அமைந்துவிடலாகாது. நாமும் படிப்படியாக வந்தவர்களே. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலிலிருந்து உயர்தரப் பரீட்சைவரை, ஒவ்வொரு படியிலும் அடுத்த படி மாத்திரமே நமக்குக் காட்டப்பட்டது. இப்படிகள் எவ்வகை மனிதரை உருவாக்குவதற்கு வகுக்கப்பட்டவை எனக் கேட்டோர் நம்முட் சிலரே. ஆசிரியர் கூறியதை ஏனென்று கேளாது எழுதியோர் கூடிய புள்ளி பெற்றதையும் நாம் கண்டிருக்கிறோம். நிக்கல்ஸ் குறிப்பிடும் போட்டியிலே நாமும் ஒருவகையில் வென்றவர்களே. பட்டம் பெற்றபின் நாம் செல்லும் அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் முழு வேலையும் நம் கையிற் கிடைக்கப்போவதில்லை. ஓர் அட்டவணை, ஓர் அறிக்கையின் ஒரு பந்தி, ஒரு கணக்கின் ஒரு நிரல் என்றவாறு துண்டுகளே கிடைக்கும். தொழிற்பிரிவு நிலவும் உலகிலே இதனைத் தவிர்த்தல் இயலாது. துண்டு தைப்பவராய் இருத்தல் இழிவுமன்று. ஆனால் தாம் தைக்கும் துண்டு எப்போர்வைக்குரியது எனக் கேட்பது எக்காலத்திலும் தொழிலாளியின் உரிமையாகும். 2018இல் கூகிள் நிறுவனத்தின் ஊழியர் 3,000 பேருக்கு மேற்பட்டோர், தமது நிறுவனம் ஆளில்லா விமானப் படங்களைப் பகுத்தாயும் தொழில்நுட்பத்தை அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு வழங்குவதை எதிர்த்துக் கடிதமொன்றிற் கையொப்பமிட்டனர். அவ்வாண்டிலேயே, அவ்வொப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என நிறுவனம் தீர்மானித்தது. துண்டு தைப்போர் கேட்டால் போர்வை மாறக்கூடும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

தொகுத்து நோக்கின், முடிவை அறியாது தொழில் செய்தல் முற்றாக விலக்கத்தக்கதுமன்று, முற்றாகப் போற்றத்தக்கதுமன்று. வடிவம் மறைந்திருக்கலாம், அம்மறைவு கைக்குச் செப்பத்தையும் மனத்துக்கு வியப்பையும் தரும். ஆனால் செயல் சென்று சேரும் மனிதர் மறைந்திருத்தல் ஆகாது. அடுத்த குறிப்பு நம் கைக்கு வரும்போது கேட்கவேண்டியவை மூன்று. இது யாரைப் போர்க்கும்? இத்தையலைப் பிரிக்க எனக்கு உரிமை உண்டா? இதிலே என் துணி என ஏதேனும் உண்டா? இவற்றுக்கு விடை கிடைக்குமாயின், நட்சத்திரமா சங்கிலியா என அறியாமலே ஒருவர் அமைதியாகத் தைக்கலாம். விடை மறுக்கப்படுமாயின், எத்துணை நேர்த்தியான குறிப்பாயினும் ஊசியைக் கீழே வைத்தலே அறமாகும்.